சுவிட்சர்லாந்தில் இண்டர்லாக்கன் பக்கத்தில் இருக்கும் ஷினிகே பிளாட்டே ஆல்பைன் (உயர்மலைச் செடிகள்) தோட்டத்துக்கு எப்போது போகலாம்? அங்கே எதைப் பார்ப்பது?

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை பாதிக்குள் போங்கள். தோட்டம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதம் இண்டர்லாக்கனில் பூ குலுங்கினாலும் மேலே பனி கிடக்கும், ரயிலே பெரும்பாலும் ஓடாது. செப்டம்பரில் போனால் பெரும்பாலும் விதையும் காய்ந்த தண்டும்தான். எடல்வைஸ் என்ற வெள்ளை மலைப்பூ மட்டும்தான் வேண்டும் என்றால் ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம்.

இண்டர்லாக்கனை அடுத்த வில்டர்ஸ்வில்லில் (584 மீட்டர்) பல்சக்கர ரயில் ஏறினால் 52 நிமிடம். 1893-லிருந்து ஓடும் பாதை. மேல் ஸ்டேஷன் 1,967 மீட்டர், தோட்டம் அதை ஒட்டியே. கீழே 25 டிகிரி இருந்தால் மேலே 16, 17தான்; காற்றும் சேர்ந்தால் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. கிளம்புமுன் மலை கேமராவில் வானத்தைப் பாருங்கள். ஜென்ஷியன் என்ற மலைப்பூக்கள் மேகம் மூடிக் குளிர்ந்தால் சுருங்கிக்கொள்ளும். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமேகம் கூடுவது அங்கே வழக்கம். அதனால் காலை ரயில்தான் சரி.

1929-ல் திறந்த இந்தத் தோட்டம் பூப்பாத்தி கட்டி அலங்கரித்தது அல்ல. சுண்ணாம்புச் சரளை, அமில மண், பனி தாமதமாக உருகும் பள்ளம் என்று மலையில் எது எங்கே வளருமோ அப்படியே பிரித்து வைத்திருக்கிறார்கள். எடல்வைஸோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் காபிக் கடைக்குப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். செடிகளை ஜோடி ஜோடியாகத் தேடுங்கள், மண் என்ன செய்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ஆல்பைன் ரோஜா என்று அங்குள்ளவர்கள் சொல்வது ரோடோடெண்ட்ரான். நீலகிரிச் சோலைகளில் நிற்கும் காட்டுப்பூவரசின் சொந்தக்காரன், இங்கே முழங்கால் உயரப் புதர். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் துருப்பிடித்த நிறமாக இருந்தால் அமில மண் வகை. அடிப்பக்கம் பச்சையாக, இலை ஓரத்தில் முடி நீட்டிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு மண் வகை. பெரிய நீல ஜென்ஷியனிலும் இதே கதை: பூக்குழலுக்குள் பச்சைப் புள்ளி, கோடு இருந்தால் அமில மண், இல்லாமல் சுத்த நீலமாக இருந்தால் சுண்ணாம்பு.

மூன்றாவது ஜோடியில் விளையாட்டு இல்லை. மஞ்சள் ஜென்ஷியன் வேரில் சாராயம் வடிக்கிறார்கள். பூக்காத பருவத்தில் அதைப் போலவே வரி வரியான பெரிய இலையோடு நிற்பது வெள்ளை வெராட்ரம், கடும் விஷம். ஜென்ஷியன் இலை எதிரெதிராக இரண்டிரண்டு. வெராட்ரம் இலை மாறி மாறி ஒவ்வொன்றாக. மாற்றித் தோண்டி விஷம் ஏறியவர்கள் உண்டு.

பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று எடுத்துப்போனால் டிக்கெட் காசுக்கு இரட்டிப்பு லாபம். எடல்வைஸில் வெள்ளை இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை, ரோமம் அடர்ந்த இலைகள். நடுவில் மஞ்சள் பொத்தான்களாக இருப்பதுதான் பூக்கூட்டம். ஈரம் வற்றாமலும் புற ஊதாக் கதிர் சுடாமலும் அந்த ரோமம்தான் காக்கிறது. பாறையில் பச்சைத் திண்டு மாதிரி படிந்திருக்கும் சைலீன் செடியைத் தொட்டு அழுத்திப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். திண்டுக்குள் காற்று புகாமல் வெளியைவிட வெப்பமாக இருப்பதுதான் அதன் உயிர். நசுங்கிய இடம் நிரம்ப ஆண்டுகள் ஆகும்.

போட்டோ எடுக்கும்போது பெயர்ப்பலகையின் லத்தீன் பெயரையும் சேர்த்து எடுங்கள், ஜெர்மன் பெயர் ஊருக்கு ஊர் மாறும். வெயில் நேராக விழும்போது வெள்ளைப் பூ வெளிறிப்போகும்; உங்கள் நிழலைப் பூமேல் விழவிட்டு எடுத்தால் போதும். தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கீழே வரும் கடைசி ரயில் சாயங்காலமே கிளம்பிவிடும். அதை விட்டால் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் இறக்கத்தை நடந்தே இறங்க வேண்டும், முழங்கால் தாங்காது.