ஈயச் சொம்பு முதல் பாச்சை உருண்டை வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'கெமிக்கல் இல்லாதது', 'முழுக்க மூலிகை' என்று அட்டையில் போட்ட பொருளை நம்பி வாங்கலாமா? ஒரு பொருள் விஷமா இல்லையா என்று கடையிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: கெமிக்கல் இல்லாத பொருள் எந்தக் கடையிலும் கிடையாது, தண்ணீரும் கெமிக்கல்தான். மூலிகை என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். நம் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கில் உள்ள கோல்சிசின் ஆளையே கொல்லும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரெடுத்த வசம்பில் பீட்டா அசரோன் இருக்கிறது. எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததைப் பார்த்து அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது.

நஞ்சியல் படித்தவர்கள் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு? எந்த வழியாக? எத்தனை நாள்? யாருக்கு? கொசு லிக்விட் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 45 மில்லி, டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்ற கொசுமருந்து 1.6 சதவீதம், 480 மணி நேரம் வரும் என்று அட்டையில் இருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம்தான் அறைக் காற்றில் கலக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பெரியவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அதே பாட்டிலைப் பிளக்கிலிருந்து உருவி ஒன்றரை வயதுக் குழந்தை வாயில் வைத்தால் கதை வேறு. அங்கே ஆபத்து கொசுமருந்தை விட, அதைக் கரைத்திருக்கும் மண்ணெண்ணெய் வகை எண்ணெயால்தான். இதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

கடையில் பார்க்க வேண்டியது பூச்சிமருந்து அட்டையில் உள்ள சாய்சதுரம். அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் சேதி. 1971-ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளின்படி, சோதனை எலிகளில் பாதியைக் கொல்ல ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் வாய்வழி போக வேண்டும் என்பதை வைத்து நிறம் தருகிறார்கள். 1 முதல் 50 வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கும் மேல் பச்சை. எண் குறையக் குறைய நஞ்சு அதிகம். சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது.

இந்த நிறத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஒருமுறை விழுங்கினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லும். பத்து வருஷம் மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. கொசுவர்த்திச் சுருள் அதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள மருந்து சொற்பம். கெடுதல் புகையில். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பூட்டிய படுக்கையறையில் சுருள் வேண்டாம். மருந்தின் பெயரோ பூச்சிமருந்துப் பதிவு எண்ணோ இல்லாத 'கொசு அகர்பத்தி' பாக்கெட்டுகளைத் தொடவே வேண்டாம். உள்ளே எதைத் தோய்த்திருக்கிறார்கள் என்று கேட்க ஆளே இருக்காது.

கேள்வி: ரசத்துக்காக ஈயச் சொம்பு வாங்க ஆசை. ஈயம் விஷம் என்கிறார்களே? கலப்படம் இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குழப்பமே பெயரில்தான். நம் வழக்கில் இரண்டு ஈயம் உண்டு. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுவே. இது குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. டின்னில் அடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. காரீயம் வேறு உலோகம். மூளை, ரத்தம், சிறுநீரகம் மூன்றையும் கெடுக்கும். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெரியவர்களை விடக் குழந்தைகளின் குடல் நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும். வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு, இரண்டும் உருக்கினால் நன்றாகக் கலக்கும். கலப்படத்துக்கு வேறென்ன வேண்டும்? புளியும் தக்காளியும் சேர்ந்த கொதிக்கும் ரசம் அந்தக் காரீயத்தைக் கரைத்து இறக்கிவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அடர்த்தி. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். முதலில் சொம்பை உலர வைத்து எடை பாருங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள் (தராசு அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தாங்காவிட்டால் இலேசான பிளாஸ்டிக் பாத்திரம் எடுங்கள்). சொம்பின் கழுத்தில் நூலைக் கட்டி, முழுதும் முங்கும்படி, ஆனால் அடியிலோ ஓரத்திலோ படாமல் கையில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு, மில்லி லிட்டரில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

சுத்த வெள்ளீயம் 7.3. காரீயம் 11.3. 400 கிராம் சொம்பு சுத்தமாக இருந்தால் தராசு 55 காட்ட வேண்டும். நாற்பது சதவீதம் காரீயம் இருந்தால் 47-க்கு இறங்கிவிடும். பிசகுவது எங்கே என்றால், சொம்பைச் சாய்க்காமல் இறக்கினால் உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். கன அளவு கூடி, கலப்படச் சொம்பும் நல்லதாகத் தெரியும். தண்ணீருக்குள்ளேயே இரண்டு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். இன்னொன்று, பத்து சதவீதக் கலப்படத்தில் எண் 53 ஆகத்தான் வரும். இரண்டு கிராம் வித்தியாசத்தைச் சமையலறைத் தராசு உறுதியாகச் சொல்லாது. எனவே இந்தச் சோதனையில் தோற்ற சொம்பை ஒதுக்கிவிடலாம். ஜெயித்த சொம்புக்கு இது நற்சான்று ஆகாது. உறுதி வேண்டுமானால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் பார்க்கச் சொல்லுங்கள். சொம்பைச் சுரண்ட வேண்டியதில்லை.

வாங்கும்போது பில்லில் 'வெள்ளீயம், இத்தனை சதவீதம்' என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஆய்வக முடிவு வேறாக வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 எண்ணில் புகார் சொல்லிப் பாருங்கள்.

வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது, அதனால்தான் தாங்குகிறது. நுரை கட்டியதும் இறக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க அதிலேயே வைக்க வேண்டாம்.

கேள்வி: பாத்ரூம் கறை போக ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் போகும் என்று சுத்தம் செய்ய வந்தவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எவ்வளவு என்று பாருங்கள். 10 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது ஒரு மேசைக்கரண்டி, 30 சதவீதக் குளோரின் உள்ள தரத்தில் முழுதும் வினைபுரிந்தால் 3 கிராம் குளோரின் தரும். ஐந்துக்கு ஏழு அடி, எட்டடி உயரமுள்ள பாத்ரூமில் அது 130 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 130 பங்கு) ஆகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்சாலைகளில் ஆட்களை வெளியேற்றும் அளவு 10 பிபிஎம். குளோரின் காற்றை விட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கும்.

டாய்லெட் கிளீனர் பாட்டிலிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். காலையில் அதை ஊற்றிவிட்டு, சரியாகக் கழுவாமல் மத்தியானம் பவுடரைத் தூவினாலும் இதே கதி. ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறி நடந்துவிட்டால், கழுவிவிடலாம் என்று நிற்காமல் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வாருங்கள். இருமல் அடங்கியது போலிருந்து சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மூச்சு இழுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பழைய நூல் சேலைகளைப் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறோம். பேரக் குழந்தைக்குத் துணி விரிக்க எடுக்கலாமா?

பதில்: நேராக எடுத்து விரிக்காதீர்கள். பாச்சை உருண்டை, அந்துருண்டை எல்லாம் பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். மஞ்சள் காமாலை கடுமையாகும். குறைபாடு இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண் குழந்தைகளிடம் அதிகம். எண்ணெய் தேய்த்த தோல் நாப்தலீனை இன்னும் வேகமாக இழுக்கும். நம் வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு அடுத்த வேலையே துணியில் சுற்றுவதுதான்!

சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். மூக்கருகே வைத்தால் துளி வாசனைகூட வரக் கூடாது. வந்தால் அந்தச் சேலை பீரோவுக்கே போகட்டும். கண் மஞ்சளாவது, வெளிறிப்போவது, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போய் உருண்டை வைத்த துணியைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

கையில் இருப்பது எந்த உருண்டை என்று தெரியவில்லையா? தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். முங்கினால், உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கலந்த தண்ணீரில் போடுங்கள். அதில் மிதந்தால் நாப்தலீன், அதிலும் முங்கினால் பாரா டைகுளோரோ பென்சீன். மூன்றையும் குழந்தை எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம்.

கேள்வி: கார்பைடு கல் வைத்துப் பழுத்த மாம்பழத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

பதில்: நிச்சயமாக முடியாது. வாளித் தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் சாரமில்லை. கால்சியம் கார்பைடுக்குத் தடை இருக்கிறது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடு கலந்திருக்கும். பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை அனுமதிக்கப்பட்டது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான்ஸ்டிக் தோசைக்கல்லில் கீறல் விழுந்துவிட்டது. பூச்சு உள்ளே போனால் புற்றுநோய் வருமா?

பதில்: உதிர்ந்த பூச்சு செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். பயப்பட வேண்டியது சூட்டுக்கு. 260 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் சில நிமிஷங்களில் அதைத் தாண்டிவிடும். அப்போது வரும் புகை கிளி, லவ்பேர்ட்ஸ் போன்ற கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும்.

கேள்வி: குழந்தை கொசு லிக்விடைக் குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அந்த எண்ணெய் கிட்டத்தட்டத் தண்ணீர் போல இளக்கமானது. வயிற்றில் கிடக்கும்வரை அவ்வளவு கெடுதல் இல்லை. வாந்தியில் மேலே வரும்போது சில துளி மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் புண்ணாகிவிடும். உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, தன் பங்குக்கு வேறு ஆபத்தைக் கொண்டுவரும். விரலை விடுவது, சோப்புத் தண்ணீர், எதுவும் வேண்டாம்.

வாயைத் துடையுங்கள். நனைந்த சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீதி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிடுவார்கள், அதனால் பாட்டிலைக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இருமலும் மேல்மூச்சும் தாமதமாகவும் வரலாம். வீட்டுக்கு வந்ததும் அந்த மெஷினைத் தரையோரப் பிளக்கிலிருந்து எடுத்து, ஸ்விட்ச்போர்டு உயரத்தில் உள்ள பிளக்கில் மாட்டுங்கள்.