கால்பந்து மாஸ்டரையே கூடைப்பந்துக்கும் போடலாமா, தனி ஆள் வேண்டாமா?

உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒரே பி.டி. மாஸ்டர் எல்லா ஆட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார், அதுதான் உங்கள் மனக்குறை என்று நினைக்கிறேன். அந்த வேலையைப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தாராளமாகப் போடலாம்.

ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற அமெரிக்கரைப் பற்றி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தபோது தெரிந்துகொண்டேன். அந்தக் கல்லூரியை 1920ல் தொடங்கிய ஹாரி பக், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்தவர். ஸ்டாக் அதே பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித் அவருடைய கால்பந்து அணியில் ஆடியவர். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்கள் 5-1 என்று ஆசிரியர்களை வென்றார்கள். ஆசிரியர்களின் அந்த ஒரு கூடையைப் போட்டவர் ஸ்டாக். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு இணைப் பேராசிரியர் பதவியே கொடுத்தது. 1896ல் அவருடைய சிகாகோ கூடைப்பந்து அணி அயோவா போய், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடி 15-12 என்று ஜெயித்தது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து இரண்டின் புகழ்மன்றத்திலும் அவர் பெயர் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு அப்பா, பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "சார், நீங்க ஃபுட்பால் ஆளு. என் பொண்ணுக்கு பாஸ்கெட்பால் என்ன சொல்லித் தருவீங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியர் வாய் திறக்கவில்லை. மறுநாள் மாலை அந்த அப்பாவையே மகளோடு கோர்ட்டுக்கு வரச் சொன்னேன். பந்தையே பார்த்துக்கொண்டு எதிராளியை விட்டுவிடுவதுதான் அந்தப் பெண்ணின் பிரச்சினை. ஆளுக்கும் கோலுக்கும் நடுவில் நிற்பது கால்பந்தில் முதல் பாடம். கூடைக்கு முன்னாலும் அதேதான். காலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். அந்த வருஷம் அவள் மாவட்ட அணிக்குத் தேர்வானாள்.

மாநில, தேசிய அளவுக்குத் தனிப் பயிற்சியாளர் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியது ஓட்டமும் கால் பழக்கமும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுபது வயது என்று சிகாகோ ஸ்டாக்கை அனுப்பியது. அவர் கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய், 1943ல் 81 வயதில் நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருது வாங்கினார். நான் ஓய்வுக்குப் பிறகு சம்பளமே வேண்டாம், மாலையில் வந்து சொல்லித்தருகிறேன் என்றேன். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நான் வேலையில் இருந்தபோதும் பி.டி. பீரியட் என்றாலே கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வாசலில் நிற்பார்.

தனி மாஸ்டர் கேட்பதற்கு முன்னால், உங்கள் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே மைதானத்தில் நடக்கிறது என்று பள்ளியில் கேளுங்கள்.