மடிநோய்க்குப் பவரான ஊசி எது?

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். மூன்றாம் ஈற்று ஜெர்சி கலப்பின மாடு, கன்று போட்டு 20 நாள் ஆகிறது. இடது பின்காம்பு இறுகிப்போய், பால் திரிதிரியாக வருகிறது. காய்ச்சல் இல்லை, தீவனம் எடுக்கிறது. போன ஈற்றிலும் இதே காம்பில்தான் வந்தது. மருந்துக்கடையில் கேட்டு செஃப்ட்ரியாக்சோன் இரண்டு நாள், பிறகு என்ரோஃப்ளாக்சசின் ஒரு நாள், அப்புறம் ஜென்டாமைசின் போட்டோம். குறையவில்லை. மற்ற மூன்று காம்புப் பாலை சொசைட்டிக்கு ஊற்றுகிறோம். நேற்றிலிருந்து பக்கத்து மாட்டுக்கும் ஒரு காம்பில் திப்பி வருகிறது. இதைவிடப் பவரான ஊசி எது?

பதில்: பவரான ஊசி என்று ஒன்று கிடையாது. கிருமிக்குப் பொருந்தும் ஊசி உண்டு, பொருந்தாத ஊசி உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற கிருமி என்றால், காம்புத் துவாரம் வழியாக மடிக்குள் விடும் பழைய பெனிசிலின் டியூபுக்கே பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியில் பல ரகங்கள் பெனிசிலினை உடைத்துப் போடும். அவற்றுக்கு க்ளாக்சசிலின் போன்ற மருந்துகள் வேண்டும். ஈ.கோலை வந்தால் பால் தண்ணீராகும், மாடு காய்ச்சலில் படுத்துவிடும். அங்கே ஆன்டிபயாட்டிக்கைவிட சலைனும் வீக்கம் தணிக்கும் ஊசியும்தான் உயிரைக் காப்பாற்றும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே (கிருமியின் வெளிச்சுவர்) இல்லை. செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் எதுவும் அதைத் தொடாது. பூஞ்சை என்றால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வீண்.

காய்ச்சல் இல்லை, போன ஈற்றில் வந்த அதே காம்பு, இப்போது பக்கத்து மாடு. இதைப் படித்ததும் என் சந்தேகம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மேல்தான். அது மடித் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்கிக்கொள்ளும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆனால் இது சந்தேகம்தான். உறுதி செய்ய ஒரே வழி பால் மாதிரி.

முதல் ஊசிக்கு முன்னால் பால் எடுத்தாக வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. உங்கள் முதல் மாட்டின் பாலை இப்போது அனுப்பினால் உள்ளே இருக்கும் மருந்து கிருமியை வளரவிடாது. கிருமி இல்லை என்று தவறான முடிவு வரலாம். இரண்டாவது மாட்டுக்கு இன்னும் ஊசி போடவில்லை அல்லவா? அதன் பாலை இன்றே எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் பஞ்சு வெள்ளையாக இருக்கும் வரை தேயுங்கள். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனியாக விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் பீய்ச்சி உடனே மூடுங்கள். குப்பியின் வாய் காம்பில் படக்கூடாது. ஐஸில் வைத்து அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். அதற்குள் மாடு தீவனத்தை விட்டாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள்.

மருந்துக்கடைக்காரர் மாட்டைப் பார்க்கவில்லை, பாலைப் பார்க்கவில்லை. சில நாளில் மூன்று வகை மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இது வைத்தியம் இல்லை, வியாபாரம். டாக்டர் சீட்டில்லாமல் அவற்றை விற்பதே சட்டப்படி தவறு. செஃப்ட்ரியாக்சோன், ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குக் கடுமையான தொற்றுக்குப் போடுகிற மருந்து. அதை அரைகுறையாகப் போட்டு நிறுத்தினால், அதற்கு அடங்காத கிருமியை நம் கட்டுத்தரையிலேயே வளர்க்கிறோம். கோழிப் பண்ணைகளில் கண்டபடி கொடுத்ததால்தான் 2019-ல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கே தடை செய்ய வேண்டி வந்தது.

மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். ஊசி மருந்து ரத்தம் வழியாக நான்கு காம்புக்கும் போகும். லேபிளில் பால் விலக்கு நாள் போட்டிருந்தால் அதன்படி; போடவில்லை என்றால் கடைசி ஊசியிலிருந்து 7 நாளாவது பால் விற்கக்கூடாது, வீட்டுக்கும் வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பக்கத்து மாட்டுக்கு எப்படி வந்தது என்பது. பெரும்பாலும் கறக்கும் கை வழியாகத்தான். நல்ல மாடுகளை முதலிலும் நோய் மாடுகளைக் கடைசியிலும் கறங்கள். விரலைப் பாலில் நனைத்துக் கறப்பதை விடுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. கறந்து முடித்ததும் நான்கு காம்பையும் அரை சதவீத அயோடின் கரைசலில் முக்குங்கள். உடனே தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள். அப்போது காம்புத் துவாரம் திறந்திருக்கும், படுத்தால் சாணிக் கிருமி உள்ளே ஏறும்.

முதல் மாட்டுக்கு இனி நீங்களாக எந்த ஊசியும் வேண்டாம். மருந்து நின்று இரண்டு வாரம் கழித்து அதன் பாலையும் சோதிக்கக் கொடுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று உறுதியானால், கறவை வற்றும் காலத்தில் மடிக்குள் விடும் டியூப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்போது பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகும் அதே காம்பு வீங்கினால், அந்தக் காம்பை வற்றவிடுவதா, மாட்டைக் கழித்துவிடுவதா என்று அவரோடு பேசி முடிவெடுங்கள்.