சிலுவை போட்ட பன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மனைவிக்கு இது ஏழாம் மாதம், முதல் குழந்தை. ஜோகன்னஸ்பர்க்கில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம். டர்பனில் உள்ள எங்கள் இரண்டு குடும்பங்களிலும் மரபு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே குழந்தை பிறக்கும் முன்பே எங்களுக்கென்று புதிய மரபுகளை வகுத்துக்கொள்ள நினைக்கிறோம். மாதந்தோறும் ஒரே நாற்காலியில் வைத்துப் படம் எடுப்பது, பிறந்தநாளுக்கு ஒரு மரம், ஞாயிறு இரவு கைப்பேசி இல்லாத சாப்பாடு என்று பதினேழு எழுதி வைத்திருக்கிறோம். இது செயற்கையாகத் தோன்றுகிறதா? எதிலிருந்து தொடங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

ஏழாம் மாதம் என்று படித்ததும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி, உங்கள் மனைவிக்கு வளையல் அடுக்கியாயிற்றா என்பதுதான். உங்கள் பதினேழில் அது இல்லை. அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நிறையத் தூங்கச் சொல்லுங்கள்.

படம் எடுப்பதும் மரம் நடுவதும் உங்கள் விருப்பம். வாடகை வீட்டில் எங்கே நடுவீர்கள் என்பதை மட்டும் யோசியுங்கள். ‘எதுவும் மிஞ்சவில்லை’ என்று எழுதினீர்களே, அந்த வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. டர்பனில் பிறந்து வளர்ந்தவர் அதை எழுதலாமா?

டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மனுக்குப் புனித வெள்ளியன்று திருவிழா நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாளுக்கும் நம் அம்மனுக்கும் என்ன உறவு என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? (சிறுவயதில் இருவரும் அக்காள் தம்பி என்றே நான் நம்பியிருந்தேன்.) 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய 342 பேர் தொடங்கி, 1911-இல் ஆள் எடுப்பது நிற்கும்வரை ஒன்றரை லட்சம் பேர் டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஊரில் அம்மனுக்குரிய ஆடி மாதம், இங்கே கரும்பு ஆலைகள் இரவுபகலாக ஓடும் காலம். முதலாளி பஞ்சாங்கம் பார்த்து விடுப்புக் கொடுப்பவர் அல்லர். வெள்ளைக்காரன் தன் சாமிக்காக வேலையை நிறுத்திய நாளில் இவர்கள் தங்கள் அம்மனுக்கு நெருப்பு மூட்டினார்கள். கூழ் ஊற்றுவது ஆடியிலேயே தொடர்ந்தது, அதற்கு ஒரு பானை போதும். ஊரே கூட வேண்டிய தீமிதி புனித வெள்ளிக்கு இடம் மாறியது. மரபொன்றை உருவாக்குவோம் என்று எவரும் உட்கார்ந்து பட்டியல் போடவில்லை. கிடைத்த ஒரு நாளை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுதான்: அதில் உங்களுக்கு நெருக்கடி தரும் எதுவும் இல்லை, எல்லாம் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடியவை.

என் அப்பா ஆலையில் வேலை பார்த்தவர். பத்து நாள் விரதமிருந்து, புனித வெள்ளியன்று மஞ்சள் வேட்டியோடு தீ மிதித்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவார். அம்மா எனாமல் பேசினில் மஞ்சள் தண்ணீர் கரைத்து அவர் கால்களைக் கழுவி, பாதங்களைத் தன் மடியில் ஏற்றி வைத்து, கொப்புளம் உண்டா என்று விளக்கைச் சாய்த்து விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பார். அதுவரை பிள்ளைகள் யாரும் பேசக் கூடாது. ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொன்னதும் தேநீரும், மேலே சிலுவைக் கோடு போட்ட பன்னும் வரும். நாள் முழுவதும் கோயிலில் நின்ற பெண்ணுக்கு அடுப்பு மூட்டத் தெம்பில்லை. வெள்ளைக்காரர்கள் புனித வெள்ளிக்குச் சாப்பிடும் அந்தப் பன்தான் அந்த வாரம் கடைகளில் விற்றது. அதனால் முந்தின நாளே வாங்கித் துணி போட்டு மூடி வைத்திருப்பார். அதில் முட்டை சேர்ந்திருக்குமா என்று எங்கள் ஆயாகூடக் கேட்டதில்லை.

இதை மரபு என்று நாங்கள் அழைத்ததில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இப்போது கேப் டவுனில் இருக்கும் என் மகள், புனித வெள்ளி மாலையில் பன் வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னைக் காணொளியில் அழைத்து, ‘அப்பா, காலைக் காட்டுங்கள்’ என்பாள். நான் கைப்பேசியைத் தரையருகே பிடித்து இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். நான் ஒருமுறைகூடத் தீ மிதித்ததில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இன்றிரவு உங்கள் அம்மாவையும் மாமியாரையும் தனித்தனியே அழைத்து, நீங்கள் பிறந்த பதினாறாம் நாள் வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஒன்பதாம் மாதத்திலும் வளையல் அடுக்கலாம்.