பி.ஏ. வரலாறும் அதற்குப் பிறகும்

அன்புள்ள ஐயா,

என் தங்கை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். அப்பா பி.காம். சேரச் சொல்கிறார். வரலாறு படித்தால் பி.எட். முடித்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியதுதான் என்கிறார்கள் உறவினர்கள். அந்தப் பட்டத்துக்கு என்னதான் வேலை இருக்கிறது?

ஒரு வாசகர்,
செஞ்சி

அன்புள்ள தம்பிக்கு,

உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. வரலாற்றுப் பட்டத்தை மட்டும் காட்டி வேலை வாங்குவது கடினம். ஆனால் பி.காம். முடித்தவரும் டேலி கற்றோ, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பழகியோதான் நிலைபெறுகிறார். பட்டத்துக்கு அடுத்த படி எது என்பதுதான் கேள்வி. அதை முதலாண்டிலேயே யோசிக்கிற பெண்ணுக்கு வரலாறு நல்ல படிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

குரூப் 2, வங்கித் தேர்வு, மத்திய அரசின் பட்டதாரி நிலைத் தேர்வு ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குடிமைப் பணித் தேர்விலும் அப்படித்தான். அதன் முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500 மதிப்பெண், வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரவும் இந்தப் பட்டம் செல்லும். நூலக அறிவியலுக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. பி.எட். இப்போது இரண்டு ஆண்டுகள். அதன் பிறகும் தகுதித் தேர்வு இருக்கிறது. கற்பிப்பதில் உண்மையான ஆசை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகட்டும். வேறு வழி தெரியாமல் பி.எட். சேர்ந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் பக்கத்தில்தான் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை அமைத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சொல்லும் கல்வெட்டு அங்குள்ள குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில், இருக்கிறது. மொழி வடமொழி, எழுத்து பல்லவ கிரந்தம். இப்படிப்பட்ட எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. படிக்க வேண்டிய கல்வெட்டுகளோ ஏராளம்.

இந்த வேலை எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, காற்றுக்குமிழி நிற்காதபடி தூரிகையால் தட்டிக்கொண்டே வருவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் சற்று வற்றியதும் மை தோய்த்த திண்டால் ஒற்றினால் மேடெல்லாம் கறுத்து, பள்ளத்தில் கிடந்த எழுத்து வெள்ளையாக எழும். இதற்கு மைப்படி என்று பெயர். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டும். பொறுமையும் தமிழ்ப் புலமையும் இல்லாதவருக்கு இது வாய்க்காது.

1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித் துறை உண்டு. மாநிலத் தொல்லியல் துறை முதுகலை முடித்தவர்களுக்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இருக்கிறது. அருங்காட்சியகங்களும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் உண்டு. பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். அப்பாவிடம் இதை மறைக்காதீர்கள். அதனால்தான் குரூப் 2 பாடத்திட்டத்தையும் இரண்டாம் ஆண்டு முதல் அவள் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன். இரண்டுக்கும் பொதுவான பகுதி நிறையவே இருக்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அங்கே தொல்லியலோ கல்வெட்டியலோ பாடத்தாளாக இருக்கிறதா, மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போகிறார்களா? ஆம் என்றால் வரலாற்றையே முதல் விருப்பமாக விண்ணப்பத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அப்பாவிடம் நான் பேச வேண்டுமானால் தயங்காமல் எழுதுங்கள்.