ல, ள, ழ குழப்பத்துக்கு நம்ம ஊர்ப் பெயர்களே போதும்

தக்கலை நண்பருக்கு, ‘247 எழுத்து’ என்றதும் மகள் அழுகிறாள், ல, ள, ழ குழம்புகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த 247-ஐ அவளிடம் சொல்லாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் உயிரும் மெய்யும் சேர்ந்து பெற்ற பிள்ளைகள்தான்.

அப்புறம், பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய் போர்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள். ‘தக்கலை’யில் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ‘குளச்சல்’ என்றால் ‘ள’வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொட்டுவிட்டு, ‘ல்’லுக்கு முன்னால் ஓடி வரும். ‘குழித்துறை’யில் மடங்கும், எதையும் தொடாது. என் பேத்தி கண்ணாடி முன்னால் ‘ழ’ சொல்லி, தன் முகம் போன போக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே பத்துத் தடவை சொன்னாள். கீழ்குளத்தில் ‘ழ்’, ‘ள’ இரண்டும் வரும், அதை அடுத்த வாரத்துக்கு வையுங்கள்.