டேப்பா, கம்ப்யூட்டரா? டெமோ எடுப்பவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: ஐந்து பேர் கானா குழு. மூன்று பாட்டுக்கு டெமோ எடுக்க வேண்டும். கையில் லேப்டாப்பும் 25,000 ரூபாயும் இருக்கின்றன. பழைய நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்று 18,000-க்கு வருகிறது. "டேப்பில்தான் சவுண்டு கனமா நிற்கும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (வியாசர்பாடி)

பதில்: வேண்டாம். 1979-ல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144 ரெக்கார்டர் வந்தபோது, சாதாரண கேசட்டில் நாலு டிராக் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடம்) எடுப்பது பெரிய வரம். இன்று கணக்கு வேறு. இந்த வகை மெஷின்கள் பலவும் டேப்பை இரட்டை வேகத்தில், ஒரே பக்கமாக ஓட்டும். 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். மெஷின் கேட்பதோ 'டைப் 2' என்ற குரோம் வகை டேப். சந்தையில் இருப்பது பழைய சரக்கு. ஐந்து பேருக்கு நாலு டிராக் போதாது. மூன்றைச் சேர்த்து நாலாவதில் ஏற்றுவீர்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் இரைச்சல் கூடும். பிறகு டோலக் தூக்கல் என்று பட்டால் குறைக்க வழியில்லை.

'கண்டிஷன்ல இருக்கு' என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விளக்கு எரிவதை மட்டும் பார்த்து நான் வாங்கிய டெக்கில், பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லியில் அப்பியிருந்தது. உங்கள் கேசட்டை எடுத்துப் போங்கள். நாலு டிராக்கிலும் பதிந்து கேளுங்கள். கீபோர்டில் ஒரே சுரத்தை அரை நிமிடம் பிடித்துப் பதியுங்கள். திரும்பக் கேட்கையில் சுரம் ஆடினால் பெல்டோ ரப்பர் ரோலரோ போய்விட்டது. டேப் உரசி ஓடும் ஹெட்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), இரண்டு டைனமிக் மைக், ஸ்டாண்டு, காதை மூடும் ஹெட்போன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். உச்ச சத்தம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) பதியும்போது 128, டிராக்குகளைக் கலக்கும் மிக்சிங்கில் 1024. முதலில் தாளம் காட்டும் கிளிக்கோடு கீபோர்டும் ஒப்புக்கு ஒரு குரலும். அதைக் கேட்டபடி டோலக், இரண்டு முகத்துக்கும் ஒவ்வொரு மைக். மற்றவர்கள் ஒவ்வொருவராக. 'உம்ம்' என்று சத்தம் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் பிளக் பாயிண்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: புது கண்டென்சர் மைக்கில் தெருவில் போகும் கண்டெய்னர் லாரி சத்தமும் விழுகிறது. கடையில் மாற்றித் தருவார்களா? (தண்டையார்பேட்டை)

பதில்: மாட்டார்கள், சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை மைக் அது, நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: புது இன்டர்ஃபேஸில் இரண்டாவது இன்புட் செத்துக் கிடக்கிறது. வாங்கி ஒன்பது நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லைக் காட்டுகிறார்கள். (ராயபுரம்)

பதில்: அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற பில்லில் கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால், 30 நாளுக்குள் வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அதே மைக், அதே கேபிளை இரண்டு இன்புட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி வீடியோ எடுங்கள். பில் நகலோடு கடைக்குக் கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடு இருக்கிறது. ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

கேள்வி: எட்டு சானல் யூஎஸ்பி மிக்சர் வாங்கினேன். கம்ப்யூட்டரில் எல்லாம் ஒன்றாகவே பதிகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (பெரம்பூர்)

பதில்: இல்லை. யூஎஸ்பி வழியாக எத்தனை டிராக் போகும் என்பது பெரும்பாலும் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். படித்துவிட்டல்லவா பணம் கொடுக்க வேண்டும்? உங்களுடையது இரண்டை மட்டும் அனுப்புகிறது. ஒரு சானலின் பேன் குமிழை (ஒலியை இடம், வலம் என்று ஒதுக்குவது) முழுக்க இடப்பக்கமும் இன்னொன்றை முழுக்க வலப்பக்கமும் திருப்புங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வாத்தியம் தனித்தனி டிராக்காக விழும். மீதிச் சானல்களின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இறக்கிவையுங்கள்.